எட்டு கிட்டார், ஒரு பேஸ்

நவம்பர் 4, திங்கள்

கிட்டாரில் கோளாறு இருக்கிறது. எங்கே, எப்போது, எப்படி என்று எழுதி வைத்தால் பிடித்துவிடலாம் என்று இந்த நோட்டை எடுத்திருக்கிறேன். கச்சேரிக்குப் பாட்டு வரிசை எழுத வாங்கியது. முதல் நாலு பக்கத்தில் பாட்டுகள். இங்கிருந்து கிட்டார்.

எங்கள் ராகதாரா மெல்லிசைக் குழுவின் கச்சேரி எப்போதும் நான் போட்ட ஒரு தொடக்க இசையோடு ஆரம்பிக்கும். மூன்று நிமிடம், பாட்டு கிடையாது, முழுக்க என் கிட்டார். இரண்டாவது நிமிடத்தில் மேலிருந்து கீழே சரசரவென்று இறங்கும் ஓர் இடம் உண்டு. இருபது வருடமாக முதல் கைதட்டல் அங்கேதான் விழும். இன்று ஒத்திகையில் அந்த இடத்தில் இரண்டு ஸ்வரம் விழவில்லை. திரும்ப வாசித்தேன். மூன்று விழவில்லை.

கீபோர்டு வாசிக்கும் ஜோதிராமன், "கம்பி மாத்தி எத்தன நாளாச்சுண்ணே?" என்றான். ஆறு கம்பியையும் மாற்றினேன். அப்படியும் விழவில்லை.

டிசம்பர் 21 குழுவுக்கு இருபத்தைந்தாவது ஆண்டு விழா. பொன்மலையில் மண்டபம் பிடித்தாகிவிட்டது. இன்னும் ஏழு வாரம்கூட இல்லை.

நவம்பர் 6, புதன்

மழைக்காலத்தில் மரம் ஊதும். கிட்டாரின் கழுத்து லேசாக வளைந்திருக்கலாம் என்று அடிஸ்கேலை வைத்துப் பார்த்தேன். நேராகத்தான் இருக்கிறது. அடிஸ்கேலே கோணலோ என்று மனைவி ரெஜினாவின் தையல் பெட்டியிலிருந்து இன்னொன்றை எடுத்து வைத்தேன். அதுவும் நேர்.

"அத ஏங்க எடுக்குறீங்க?" என்றாள்.

"சும்மா."

மோட்டார் போட மறந்துவிட்டேன். பாத்திரம் கழுவத் தண்ணீர் இல்லை.

நவம்பர் 8, வெள்ளி

சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஓர் இசைக்கருவிக் கடை திறந்திருக்கிறார்கள். கீழ்த்தளத்தில் கீபோர்டு, வயலின், தபேலா. மாடி முழுக்கச் சுவரில் கிட்டார்கள். ஓர் ஓரத்தில் கண்ணாடி அறை, அதற்குள் ஏழெட்டு ஆம்ப்ளிஃபையர். எங்கள் வாயில் அது ஆம்ப். பிடித்த கிட்டாரை எடுத்துக்கொண்டு உள்ளே போய் ஆம்பில் இணைத்து வாசித்துப் பார்க்கலாம். கதவைச் சாத்தினால் வெளியே அதிகம் கேட்காது.

மூன்று கிட்டார் பார்த்தேன். முதலாவது கறுப்பு, கழுத்து தடிமன். இரண்டாவதில் கம்பிகள் உயரமாக நின்றன, அழுத்தினால் விரல் நோகிறது. மூன்றாவது நல்ல கிட்டார்தான், ஆனால் மடியில் நிற்காமல் சரிகிறது. மூன்றிலும் அந்த இடம் வரவில்லை.

மாடிக்குப் பொறுப்பாளர் வைஜெயந்தி. எங்கள் குழுவில் ஒன்பது வருடம் பேஸ் வாசித்தவள். பேஸ் என்பது தடித்த நாலு கம்பி உள்ள கிட்டார், பாட்டுக்கு அடியில் கனமாக ஓடும் சத்தம். திருச்சி வட்டாரத்தில் அந்த நாளில் பேஸ் வாசித்த ஒரே பெண் அவள்தான். குழந்தை பிறந்தபின் நின்றுவிட்டாள். பார்த்து எட்டு வருடம் இருக்கும்.

"வாங்க சார். எந்த மாதிரி பாக்குறீங்க?" என்றாள்.

ஒன்பது வருடமும் என்னை "தயாண்ணே" என்று கூப்பிட்டவள். கடையில் நின்றால் எல்லாரையும் சார் என்றுதானே சொல்ல வேண்டும்.

நவம்பர் 9, சனி

கிட்டார் வகுப்பு. ஆறு பேர் வந்தார்கள். வாயால் சொல்லிக்கொடுத்தேன். எதற்கெடுத்தாலும் வாத்தியார் வாசித்துக் காட்டினால் அவர்களுக்குக் காது வளராது.

நவம்பர் 14, வியாழன்

திரும்பக் கடைக்கு. படி ஏறும்போதே மேலே யாரோ பேஸ் வாசிப்பது கேட்டது. அலட்டல் இல்லாத வாசிப்பு. வேண்டிய இடத்தில் மட்டும் ஸ்வரம், மற்ற இடத்தில் இடைவெளி. யாரப்பா இது, நம் குழுவுக்குக் கேட்கலாமே என்று நினைத்துக்கொண்டே ஏறினேன்.

வைஜெயந்திதான். வாடிக்கையாளர் ஒருவருக்குப் புது பேஸை வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். கம்பியை அழுத்தும் இடது கையில் சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும்தான் வேலை செய்தன. மற்ற இரண்டும் உள்ளங்கைக்குள் மடங்கிக் கிடந்தன.

கிட்டார் நாலு, ஐந்து பார்த்தேன். நாலாவது எடை அதிகம். ஐந்தாவதற்குக் காரணம் எழுதத் தோன்றவில்லை.

நவம்பர் 17, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். ரெஜினா வாசலில் நின்று என் கையையே பார்த்தாள்.

"என்ன?"

"பொத்தான் நல்லாத்தான கழட்டுறீங்க. காலைல மாவும் நீங்கதான பெசஞ்சீங்க."

"அதுக்கென்ன?"

"ஒண்ணுமில்ல. உள் ரூம்ல நீங்க வாசிக்கும்போது கேக்குது. ஒரே எடத்துல நிக்குது. திரும்பத் திரும்ப அதே எடம். கைல ஏதாவது..."

"கிட்டார் சரியில்ல."

அவள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். பிள்ளைகள் சொல்லும் சாக்கைக் கேட்டுக் கேட்டு, எதற்கும் உடனே பதில் சொல்லாமல் நிற்கும் பழக்கம் வந்துவிட்டது. நின்றாள். பிறகு உலையைப் பார்க்கப் போனாள்.

நவம்பர் 19, செவ்வாய்

இன்று தொடவே இல்லை. ஓய்வு கொடுத்தால் சரியாகும்.

மாலை ஐந்து மணிக்குத் தொட்டேன். சரியாகவில்லை.

நவம்பர் 22, வெள்ளி

ஒத்திகை. தொடக்க இசை அந்த இடத்துக்கு வந்ததும் என் சுண்டுவிரல் உள்ளே போய்விட்டது. யாரோ நூல் கட்டி இழுத்த மாதிரி. மோதிர விரல் அதன் பின்னாலேயே போனது. நான் நிறுத்திவிட்டு ஆம்பைத் தட்டினேன். "வயர் லூஸ்" என்றேன்.

டிரம்ஸ் சிக்கந்தர் குச்சியை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தான். ஜோதிதான் பேசினான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. அந்த ஒரு எடத்த மட்டும் நான் கீபோர்டுல எடுத்துக்கிறேன். யாருக்கும் தெரியாது."

"யாருக்கும் தெரியாதா? இருவத்தஞ்சு வருஷமா ஜனங்க எதுக்குடா வர்றாங்க?"

"பாட்டுக் கேக்கத்தாண்ணே வர்றாங்க."

நான் கிட்டாரைப் பெட்டியில் வைத்து எழுந்து வந்துவிட்டேன். வண்டியை எடுத்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் மூன்று தடவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனேன். பெட்ரோல் தீர்ந்து தள்ளிக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 23, சனி

வகுப்பை ரத்து செய்தேன்.

வைஜெயந்தி நின்றுவிட்டாள் என்று முன்னால் எழுதியிருக்கிறேன். சரியாகச் சொன்னால் நிறுத்தினோம். பிரசவம் முடிந்து நாலு மாதத்தில் திரும்பி வந்தாள். வாசிப்பில் தடுமாற்றம் இருந்தது. ஒரு குழு நடத்துகிறவன் இந்த மாதிரி முடிவுகளையும் எடுக்கத்தான் வேண்டும்.

நவம்பர் 26, செவ்வாய்

காலையில் கடை திறந்ததும் போனேன். ஆள் இல்லாத நேரம். வேகமாக மூன்று கிட்டாரை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனேன். ஆறாவது, ஏழாவது, எட்டாவது. எட்டாவது கடையிலேயே மெல்லிய கழுத்து உள்ளது. ஒரு சின்ன ஆம்பில் இணைத்தேன், சத்தம் மெலிவு என்று பெரியதற்கு மாற்றினேன். அது வால்வு வைத்த பழைய முறை ஆம்ப். சூடாகிச் சத்தம் வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடம் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றேன், உட்கார்ந்தேன்.

வாசித்தேன். சுண்டுவிரல் உள்ளே போனது. திரும்ப. போனது. திரும்ப.

எத்தனை தடவை என்று தெரியாது. நிமிர்ந்தால் வைஜெயந்தி அறைக்குள் நின்றிருந்தாள். கதவைச் சாத்தினாள்.

"சார், கிட்டார்ல ஒண்ணும் இல்ல."

"இன்னொரு ஆம்ப் போட்டுப் பாக்கலாமா?"

"ஆம்ப்லயும் இல்ல."

சுவரிலிருந்து ஒரு பேஸை எடுத்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தாள். எதிலும் இணைக்கவில்லை. இடது கையைக் கம்பியில் வைத்தாள். மோதிர விரலும் சுண்டுவிரலும் மெதுவாக மடங்கி உள்ளங்கைக்குள் போயின.

"நான் மடக்கல. அதுவா போகுது." கையை எடுத்து என் முகத்துக்கு நேரே ஐந்து விரலையும் விரித்து ஆட்டினாள். "இப்ப பாருங்க. டம்ளர் பிடிக்கலாம், பொண்ணுக்குப் பின்னல் போடலாம், பில் அடிக்கலாம். கம்பில வச்சா மட்டும் போயிடும். டிஸ்டோனியான்னு பேரு சொன்னாரு டாக்டர். கைல கோளாறு இல்ல, கைய நடத்துற மூளைல. ஒரே வேலைய ஆயிரக்கணக்கான தடவ செஞ்சவங்களுக்கு வருமாம். ஒழுங்கா சாதகம் பண்ணுனவங்களுக்குத்தான் வருமாம் சார்."

அந்தக் கடைசி வார்த்தைகளை நிறுத்திச் சொன்னாள்.

"உனக்கு எப்பலேருந்து?" என்றேன்.

"உங்களுக்குத் தெரியாதா?"

ஆம்ப் இரைந்துகொண்டே இருந்தது. நான் எழுந்து கிட்டாரை அதன் ஆணியில் மாட்டினேன். "எனக்கு அதெல்லாம் இல்ல. கழுத்து ஒத்துவரல, அவ்வளவுதான்" என்றேன்.

"பேரு தெரியவே எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு" என்றாள் பின்னாலிருந்து. "அதுவரைக்கும் நீங்க சொன்னதத்தான் நானும் நம்பிட்டிருந்தேன். எனக்கு அக்கற இல்லன்னு."

படியில் இறங்கும்போது கால் தவறிக் கைப்பிடியைப் பிடித்தேன். இடது கை. கெட்டியாகத்தான் பிடித்தது.

நவம்பர் 28, வியாழன்

மழை. மாடி வடிகுழாயில் இலை அடைத்துத் தண்ணீர் தேங்கிவிட்டது. குத்திவிட்டேன். பிறகு பக்கத்து வீட்டு மாடியிலும் குத்திவிட்டேன், அவர்கள் கேட்காமலே.

நவம்பர் 30, சனி

எழுதிவிடுகிறேன். ரெஜினா மாதாந்திரக் கூட்டத்துக்குப் போயிருக்கிறாள்.

நிறுத்தினோம் என்று எழுதியதும் பொய். நான் நிறுத்தினேன்.

எட்டு வருடம் முன்பு காரைக்குடிப் பக்கம் ஒரு கோவில் திருவிழாக் கச்சேரி. விழாக் குழுவினர் அடித்திருந்த சுவரொட்டியில் நடுவில் வைஜெயந்தியின் படம், பேஸைத் தோளில் மாட்டியபடி. என் படம் ஓரத்தில், சிறியதாக. வந்து இறங்கியதும் செயலாளர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பொண்ணு வந்திருக்குல்ல?"

வந்திருந்தாள். நாலு மாதக் குழந்தையைத் தன் அம்மாவிடம் கொடுத்து மேடைக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தாள். மூன்றாவது பாட்டில் அவள் வாசிப்பு தடுக்கியது. திரும்பிப் பார்த்தேன். அவள் சுண்டுவிரல் உள்ளே மடங்கியிருந்தது. அவள் அதை இழுத்து இழுத்து வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அது அக்கறையில்லாத ஆளின் முகம் இல்லை. எனக்கு அப்போதே தெரியும்.

நான் அவள் ஆம்புக்குப் பக்கத்தில் போய் வால்யூம் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பினேன்.

ஜோதிக்குக் கண் காட்டினேன். அவன் கீபோர்டில் இடது கையால் பேஸ் பகுதியை எடுத்துக்கொண்டான். அவளுக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்தாள். நான் பார்வையாளர்களைப் பார்த்தேன். மேடையை விட்டு இறங்கியிருக்கலாம். இறங்கவில்லை. மீதி இருந்த பதினோரு பாட்டுக்கும், சத்தமே வராத பேஸைத் தோளில் போட்டுக்கொண்டு, தாளத்துக்குத் தலையசைத்து, கடைசிவரை வாசித்தாள். முன் வரிசையில் இருந்தவர்கள் அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள்.

திரும்பும் வேனில் அவள் ஏறவில்லை. அம்மாவோடும் குழந்தையோடும் பஸ்ஸில் போனாள். வேனில் நான் சொன்னேன்: "பெத்தவளுக்குக் கவனம் கொழந்த மேலதான் இருக்கும். நம்மதான் புரிஞ்சுக்கணும்." பெருந்தன்மையாகச் சொன்ன மாதிரி இருந்தது. யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்தப் பேச்சு அவள் காதுக்கும் போனது, அடுத்த கச்சேரிக்கு நான் அவளைக் கூப்பிடவில்லை.

அந்தச் சுவரொட்டி இல்லாவிட்டால் திருகியிருப்பேனா என்று எட்டு வருடமாக ஒரு தடவைகூட என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

டிசம்பர் 3, செவ்வாய்

நரம்பு டாக்டரைப் பார்த்தேன். கிட்டாரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். காத்திருந்தவர்கள் நடுவில் பெட்டியை மடியில் வைத்து ஒரு மணி நேரம் இருந்தேன். உள்ளே வாசிக்கச் சொன்னார். அந்த இடத்தை வாசித்தேன். அவருக்கு இரண்டாவது தடவை தேவைப்படவில்லை.

அவர் சொன்ன பேரை வைஜெயந்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

"சரியாகுமா டாக்டர்?"

"சிலருக்கு ஊசி உதவும். பயிற்சிய மொதல்லேருந்து மாத்திப் பண்ணணும். பழையபடி ஆகும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

ரெஜினாவும் கூட வந்திருந்தாள். வெளியே வந்து இளநீர் குடித்தோம். "காரைக்குடில அன்னிக்கு நானும்தான் மேடைக்குப் பின்னால இருந்தேன்" என்றாள். காயைப் பிளக்கச் சொல்லி வழுக்கையை எடுத்து என்னிடம் நீட்டினாள்.

டிசம்பர் 6, வெள்ளி

கடைக்குப் போனேன். வைஜெயந்தி துணியால் கிட்டார்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டிக்கொண்டே நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்து வந்திருந்தேன். அவள் முன்னால் நின்றதும் எல்லாம் போய்விட்டது.

"தப்புப் பண்ணிட்டேன் வைஜி. உன் விரல் மடங்குனத அன்னிக்கே பாத்தேன். தெரிஞ்சேதான் திருகுனேன்."

துணி நின்றது. திரும்பவும் துடைத்தாள்.

"இருவத்தொண்ணாந் தேதி ஆண்டு விழாவுக்கு நீ வந்து வாசிக்கணும். மேடைல உன் பேரச் சொல்லி, சால்வ போட்டு..."

"உங்க மனசு லேசாகறதுக்கு நான் மேட ஏறணுமா சார்?"

"அப்படி இல்லம்மா."

"அப்படித்தான்." குரலை உயர்த்தவில்லை. "ஜோதியண்ணனும் சிக்கந்தரும் வழில பாத்தா இன்னும் கேக்குறாங்க. 'பாப்பா வளந்துட்டால்ல, இப்ப நேரம் கெடைக்குதா?'ன்னு. நேரம் இல்லாமதான் என் வாசிப்பு கெட்டுப்போச்சுன்னு நெனச்சிட்டிருக்காங்க. என் பொண்ணு பக்கத்துல நிக்கும்போதே கேக்குறாங்க. அவளாலதான்னு அவளும் நெனைக்க ஆரம்பிச்சிட்டா. அத யாரு சொன்னது?"

நான்தான்.

"அதப் போயி மாத்திச் சொல்லுங்க. எனக்குச் சால்வ வேண்டாம்."

கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். துணியை மடித்து வைத்துவிட்டுப் போனாள்.

டிசம்பர் 9, திங்கள்

ஒத்திகை. சொல்லவில்லை. கை வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். கை வலிக்கவே இல்லை.

டிசம்பர் 11, புதன்

சொன்னேன்.

டீ வந்த பிறகு, டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னேன். கீழே வைத்தால் எழுந்து போய்விடுவேன் என்று பயம். முதலில் என் விரலைப் பற்றி. பிறகு வைஜெயந்தியின் விரல். பிறகு திருகு. பிறகு வேனில் சொன்ன வார்த்தை, அதை ஏன் சொன்னேன் என்பதும். சுவரொட்டியையும் சொன்னேன்.

ஜோதி தன் டம்ளரைக் கீழே வைத்தான். பிறகு சிக்கந்தர் பேசினான். பதினைந்து வருடத்தில் அவன் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"டிரம்ஸ் பின்னாடி உக்காந்தவனுக்கு எல்லார் முதுகும் தெரியும்ணே. நீங்க திருகுனத நான் பாத்தேன். அந்தப் பொண்ணு சத்தமில்லாம வாசிச்சதையும் பாத்தேன். அப்புறம் நீங்க ஒரு காரணம் சொன்னீங்க. நம்பிக்கிட்டோம். நம்புறது சுலபமா இருந்துச்சு. இல்லன்னா நான் உங்ககிட்ட சண்ட போட்டிருக்கணும்."

ஜோதிக்குக் கண் சிவந்துவிட்டது. கோபமா, அழுகையா தெரியவில்லை. "எட்டு வருஷமாண்ணே. என் இடது கை எட்டு வருஷமா அவ எடத்துல வாசிச்சிட்டிருக்கு. அவளப் பாக்கும்போதெல்லாம் என்னத்தக் கேட்டுத் தொலச்சேன் நான்."

"தொடக்க இசைய நீ கீபோர்டுல எடுத்துக்க" என்றேன்.

மறுப்பான் என்று ஓர் ஓரத்தில் நினைத்தேன். "சரிண்ணே" என்றான்.

டிசம்பர் 14, சனி

நேற்று இரண்டு பேரும் கடைக்குப் போயிருக்கிறார்கள். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சிக்கந்தர் இன்று போனில் சொன்னான். அவளோடு அரை மணி நேரம் நின்றார்களாம். ஜோதி அவள் வீட்டுக்கும் போய், அவள் மகளைக் கூப்பிட்டு வைத்து, "உங்கம்மா வாசிப்பு கெட்டதுக்கு நீ காரணம் இல்ல பாப்பா, நாங்க தப்பாப் பேசிட்டோம்" என்று சொன்னானாம்.

"வைஜி என்ன சொன்னா?" என்றேன்.

"டீ குடுத்துச்சு."

"என்னப் பத்தி?"

"உங்களப் பத்திப் பேச்சு வரலண்ணே."

அதன் பிறகு சமையலறை, கூடம், வாசல் என்று சுற்றிக்கொண்டே இருந்தேன். ரெஜினா ஒரு கிலோ பட்டாணியை முன்னால் கொட்டி உரிக்கச் சொன்னாள். சுண்டுவிரல் பிரமாதமாக உரித்தது.

டிசம்பர் 22, ஞாயிறு

நேற்று விழா நல்லபடியாக நடந்தது. மண்டபம் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள்.

தொடக்க இசையை ஜோதி வாசித்தான். நான் பின்னால் நின்று, சுட்டுவிரலும் நடுவிரலும் மட்டும் வைத்துப் பிடிக்க முடிந்த இடங்களில் தாளத்துக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். அந்த இடம் வந்தது. கீபோர்டில் சரசரவென்று இறங்கியது. கைதட்டல் விழுந்தது. எப்போதும் விழும் அதே அளவு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இருபது வருடமாக அது என் விரலுக்கு விழுகிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

நன்றி சொல்ல மைக்கைக் கொடுத்தார்கள். வைஜெயந்தியைப் பற்றி அங்கே எல்லார் முன்னாலும் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. சொன்னால் அதற்கும் கைதட்டுவார்கள். பெரிய மனசு என்பார்கள். அவள் என்னிடம் கேட்டது அது இல்லை. ஆட்களுக்கு நன்றி சொல்லி மைக்கைக் கொடுத்துவிட்டேன்.

அவள் வரவில்லை. இரண்டாவது பாட்டுவரை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 27, வெள்ளி

காலை பதினொரு மணிக்குக் கடைக்குப் போனேன். வாங்க ஒன்றும் இல்லை என்று வைஜெயந்தியிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

"அப்புறம்?"

"ரெண்டு விரல வச்சு நீ வாசிக்கிறத அன்னிக்குக் கேட்டேன். எப்படிப் பண்றன்னு தெரியணும்."

கணக்கு எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினாள். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் நான் இறங்கி வந்திருப்பேன்.

"அஞ்சு வருஷம் ஆச்சு எனக்கு. தெனம் பத்து நிமிஷம், இருவது நிமிஷம். அதுக்கு மேல போனா விரல் மறுபடி பழைய வழிக்குப் போயிடும். யாரும் சொல்லித்தரல."

"தெரியும்."

"நானும் சொல்லித்தர மாட்டேன். மன்னிச்சிட்டேன்னும் நெனச்சுக்காதீங்க. நான் வாசிக்கிறப்போ வேணா பாத்துக்கோங்க. கடைல ஆள் இல்லாத நேரத்துல."

கண்ணாடி அறைக்குள் போனோம். கிட்டார் எதையும் அவள் எடுக்கவில்லை. ஒரு சின்ன பேஸை எடுத்து என் மடியில் வைத்தாள். தனக்கு ஒன்று எடுத்துக்கொண்டாள். இரண்டையும் ஒரே ஆம்பில் இணைத்துச் சத்தத்தைக் குறைத்து வைத்தாள். வாசித்தாள். ஒரு ஸ்வரம். நிறுத்தினாள். கை முழுவதையும் கம்பியிலிருந்து எடுத்து முட்டியில் வைத்தாள். எடுத்துவைப்பதும் வாசிப்பின் ஒரு பகுதிதான் என்று அப்போதுதான் புரிந்தது. ஸ்வரத்துக்கு நடுவே அவ்வளவு இடைவெளி ஏன் இருந்தது என்பதும் புரிந்தது. மறுபடி ஒரு ஸ்வரம்.

நானும் வைத்தேன். சுட்டுவிரல். பிசிறடித்தது. சுண்டுவிரல் உடனே உள்ளே ஓடியது. கையை எடுத்தேன். முட்டியில் வைத்தேன். மறுபடி. கால் நிமிடத்துக்கு ஒரு ஸ்வரம். எனக்கு வயது நாற்பத்தெட்டு. ஒன்பதாவது வயதில் முதல் கிட்டாரைத் தொட்டபோது இதைவிட வேகமாக வாசித்தேன்.

கதவு திறந்தது. ஆம்ப் பார்க்க வந்த ஒரு கணவன் மனைவி. உள்ளே எட்டிப் பார்த்த கணவர் என் வாசிப்பைக் கொஞ்சம் கேட்டுவிட்டு வைஜெயந்தியிடம் மெதுவாகத்தான் கேட்டார், ஆனாலும் காதில் விழுந்தது.

"சாரு புதுசா கத்துக்கிறாரா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஆமா சார், இன்னிக்குத்தான் ஆரம்பிக்கிறாரு. பத்து நிமிஷம் ஆகும். கீழ உக்காருங்க, கூப்பிடுறேன்."

கதவைச் சாத்தினாள். நான் கையை முட்டியிலிருந்து எடுத்துக் கம்பியில் வைத்தேன்.